சுவரோரம் இருநூற்று எழுபத்தொரு பேர்

"நாளைக்கு எத்தனை மணிக்குச் சுவருக்கு வரணும்?" என்று கேட்டாள் அண்ணி.

சலவைக்கூடத்தில், விடுதிப் படுக்கைவிரிப்பு ஒன்றின் இரு முனைகளைப் பிடித்தபடி நின்றிருந்தாள் அவள். மற்ற இரு முனைகளைப் பிடித்திருந்தவள் அவளுடைய நாத்தனார். மதியவேளையில் வந்து நாலு விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணி கட்டிவந்த சாப்பாட்டில் பாதியைப் பறித்துக்கொண்டு போவது நாத்தனாரின் நாள்தோறும் நடக்கும் திருப்பணி. அந்த வளாகத்தின் கணினி வலையமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்தக் கட்டடத்திலிருந்து எந்த நேரத்தில் எவ்வளவு தரவு புறப்படும், எந்தக் கேபிள் எவ்வளவு தாங்கும், எங்கே நெரிசல் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வாள். வளாகத்தில் பலருக்கு அவள் பெயர் தெரியாது. கணக்கம்மா என்றால் காவலாளிக்கும் தெரியும்.

"எந்தச் சுவர் அண்ணி?"

"நூலகத்துச் சுவர்தான். தாள் பத்து மணிக்குத் திறக்குது. ஒன்பதேமுக்காலுக்கு வந்தா நிக்க இடம் கிடைக்குமா? போன தடவை எனக்குச் சாக்கடை ஓரம்தான் கிடைச்சது."

"பரீட்சை பழைய கட்டடத்துல. சுவர்கிட்ட என்ன வேலை உங்களுக்கு?"

அண்ணி விரிப்பை ஓங்கி உதறினாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. வளாகத்துக்கே நெட் கணக்குப் பாக்கிறவ நீ. உனக்கு இது தெரியாதா? பழைய கட்டடத்துல எல்லாரும் ஒண்ணாத் திறந்தா ஒண்ணும் நகராது. அதனால எல்லாரும் நூலகத்துச் சுவரோரம் நின்னு தாளை இறக்கிடுவோம். அப்புறம் நெட்டை அணைச்சிட்டு வந்து உள்ள உக்காந்து எழுதுவோம். முடிச்சதும் ஒரே ஓட்டம். திரும்பச் சுவருக்குப் போய் அனுப்பிடுவோம்."

"எல்லாருமா?"

"நம்ம காவலாளி அண்ணன், தோட்டக்காரர், ஆய்வகம் கழுவுற அக்கா, நான், எல்லாரும்தான். மூச்சு வாங்க ஓடுறதைப் பாத்தா ஓட்டப்பந்தயத்துக்கே மெடல் குடுக்கலாம்."

கணக்கம்மாவின் கையிலிருந்து விரிப்பின் முனைகள் நழுவின.

"ஏன் அண்ணி புகார் குடுக்கலை?"

"புகார் பண்றதுக்கு ஒரு பக்கம் வெச்சிருக்கீங்களே, அது அந்தக் கட்டடத்துல திறந்தாத்தானே!" என்று சிரித்தாள் அண்ணி. நாத்தனார் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "ஏம்மா? என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். பகலெல்லாம் வளாகத்தில் உழைத்துவிட்டு மாலையில் பாடம் படிக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மறுநாள் தேர்வு. வென்றவர் பகல் கல்லூரியில் முழுநேர மாணவராகலாம். தேர்வு இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வரும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் எழுத முடியாது. அண்ணிக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. அண்ணி அறியாத புது விதி ஒன்றும் உண்டு: இந்தத் தேர்வில் தாளை வெளியே நின்று இறக்கிக்கொண்டு வர வழியில்லை. குறித்த இருக்கையில் அமர்ந்து, கேமராவுக்கு முகம் காட்டி, அங்கேயே திறக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் திறக்காத எண் தானாகவே நீக்கப்படும். பழைய கட்டடத்தின் கேபிள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒருசேரத் தாங்கும், அதன் கொள்ளளவில் முப்பத்தெட்டு விழுக்காடே செலவாகும் என்று அறிக்கை எழுதி ஒப்பமிட்டவள் யார்? விரிப்பைத் தவறவிட்டு நிற்கிறாளே, அவளேதான்.

"நாளைக்குச் சுவர் கிடையாது அண்ணி" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் மறந்து ஓடினாள் கணக்கம்மா.

அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் திறந்தாள். சென்ற பருவத்தின் உள்தேர்வு நாள். வருகைப் பதிவேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பழைய கட்டடத்துக் கேபிளில் உச்ச அளவு முப்பத்தெட்டு மெகாபிட். முப்பத்தெட்டை முந்நூற்றுப் பன்னிரண்டால் வகுத்து, ஆளுக்குத் தேவை இத்துணை சிறிது என்று அன்று தீர்ப்பெழுதியிருந்தாள். தலையை எண்ணியது பதிவேட்டில், தரவை எண்ணியது கேபிளில். இரண்டிலும் இருப்பவர் ஒரே மனிதர்தாமா என்று கேட்க மறந்திருந்தாள்.

அதே நாள் நூலகத்தின் வரைபடத்தைத் திறந்தாள். சுவரோரத்து வைஃபை கருவியில், அன்று தாள் திறந்த காலை ஒன்பது நாற்பதுக்குக் கோடு மலைபோல் எழுந்து நின்றது. அந்த மலையை அன்றே பார்த்தவள்தான் அவள். நூலகத்தில் படிப்பார்வம் பெருகிவிட்டதென்று மகிழ்ந்து, அங்கே ஆயிரம் மெகாபிட் இணைப்பும் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். வேலிக்கு வெளியே பசித்தவன் எட்டிப் பார்த்ததைக் கண்டு, வேலிக்குள்ளே உண்டவனுக்கு இன்னொரு பந்தி விரித்த கதை!

வலையமைப்புத் தலைவர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "முப்பத்தெட்டு விழுக்காடுன்னு இருக்கு. கீழ யாரு கையெழுத்து?"

"என்னோடது சார். அது தப்பு."

"எவ்வளவு தப்பு?"

"ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபிட் ஆகும்னு தோணுது. முந்நூறுக்கு மேல வேணும். இருக்கிறது நூறு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில சொல்லியிருந்தா நூலகத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்திருப்பேன். இப்ப மணி ஒண்ணேமுக்கால். பன்னிரண்டோட ஃப்ரீஸ் ஆரம்பிச்சாச்சு."

தேர்வுக்கு முந்தைய நண்பகல் முதல் தேர்வு முடியும்வரை எந்தக் கருவியிலும் எவரும் கைவைக்கக் கூடாது என்பதே அந்த அலுவலகத்தின் ஃப்ரீஸ். முன்பொரு தேர்வு நாளில் யாரோ ஒரு கேபிளை மாற்றிச் செருகப் போய், நாற்பது நிமிடம் வளாகமே இருண்டு கிடந்தது. அதற்குப் பின் பிறந்த விதி அது.

"அந்த விதியை எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் தலைவர்.

"நான்தான்."

"எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. என் கையெழுத்து வருகைப் பதிவேட்டுல மட்டும்தான்." அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "விதியை மீறச் சொல்லாதீங்க கணக்கம்மா. அது நல்ல விதி."

"மீற வேண்டாம் சார். கேபிளைத் தொட மாட்டேன். ஆனா எத்தனை பேர் வரைக்கும் தாங்கும்னு இன்னிக்கே பாத்தாகணும். மாதிரித் தாளைத் திறந்து பாக்கிறதுக்கு ஃப்ரீஸ் தடையில்லையே?"

நான்கு மணிக்குப் பழைய கட்டடத்தின் கூடத்தில் நூற்றுப் பத்துப் பேர் கூடினார்கள். கூட்டிவந்தவள் அண்ணி. அவள் தொலைபேசியில் அழைத்தால் வராதிருக்க எவருக்கும் துணிவில்லை. சலவைக்கூடத்தின் நீராவிக்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டை அது. கணக்கம்மா மடிக்கணினியை விரித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மாதிரித் தாளைத் திறந்து, கேமராவுக்கு முகம் காட்டினார்கள். கோடு ஐம்பத்தைந்தைத் தொட்டது. அடுத்து எழுபது பேர், எழுபத்தெட்டு மெகாபிட். தொண்ணூறு பேர் திறந்தபோது பக்கங்கள் முக்கி முனகி வந்தன.

"இன்னும் ஆறு பேர்" என்றாள்.

அந்த ஆறு பேரும் அமுக்கினார்கள். மறுகணம் அந்த ஆறு பேருக்கு மட்டுமன்று, தொண்ணூற்றாறு பேருக்கும் திரையில் வட்டம் சுழலத் தொடங்கியது. எவருக்கும் எதுவும் வரவில்லை. குறுகிய சந்தில் எதிரெதிரே நுழைந்த வண்டிகள்போல், போனதும் போகவில்லை, வந்ததும் வரவில்லை. வராத பக்கத்தை ஒவ்வொரு கருவியும் மீண்டும் மீண்டும் கேட்டது. கேட்கக் கேட்க நெரிசல் பெருகியது.

"சுத்துது, சுத்துது, செக்குமாடு மாதிரி சுத்துது" என்றார் தோட்டக்காரர். "எண்ணெய்தான் வரக்காணோம்."

கூடம் சிரித்தது. ஆனால் நாளை இங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எழுபத்தைந்துக்கு மேல் ஒரு தலையும் கூடாது என்று கணக்கம்மா குறித்துக்கொண்டாள். மிச்சமுள்ள ஏறக்குறைய இருநூற்று நாற்பது பேரை எங்கே உட்கார வைப்பது? வளாகத்தில் அத்தனை இருக்கையும் அகலமான இணைப்பும் ஒருங்கே இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

தேர்வு அதிகாரியான அம்மையாரின் அறையில், ஐந்து மணிக்கு நூலகர் வந்தமர்ந்தார். பேச்சுச் சத்தம் கேட்டால் உதட்டில் விரல் வைத்து உஷ் என்பார். அதனால் அவருக்கு உஷ்ஷையா என்று பெயர்.

"முடியாது" என்றார் உஷ்ஷையா. "மாலைக் கல்லூரிக்காரங்களுக்கு நூலக அட்டை கிடையாது. அட்டை இல்லாம யாரையும் உள்ள விட்டதில்லை."

"ஐயா, தினமும் காலையில உங்க நூலகத் தரையைத் துடைக்கிறாங்களே ரெண்டு பேர், அவங்ககிட்ட அட்டை கேட்டீங்களா?" என்றாள் கணக்கம்மா.

"அது வேலை."

"துடைக்க வந்தா கதவு திறக்கும், படிக்க வந்தா மூடிக்குமா? அலமாரியில தூசி தட்டுற கைக்குப் புத்தகத்தைப் புரட்டத் தெரியாதுன்னு யார் முடிவு பண்ணினது? முந்நூறு பேர் உங்க சுவருக்கு வெளியில சாக்கடை ஓரம் நின்னு படிக்கிறாங்க ஐயா. நாலு அடி தள்ளி உள்ள நாற்காலி காலியாக் கிடக்கு!"

குரல் உயர்ந்துவிட்டது. பழக்கத்தின் விசையால் உஷ்ஷையாவின் விரல் உதட்டை நோக்கிப் பாதி வழி போய், அங்கேயே நின்றது.

தேர்வு அதிகாரி குறுக்கிட்டார். "உணர்ச்சி இருக்கட்டும் அம்மா. அவங்க சுவரோரம் நின்னாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? வரைபடத்துல இருக்கிறது கோடு. கோட்டுக்கு முகம் இல்லை. உள்ள படிச்சிட்டிருந்த பகல் மாணவர்களாகவும் இருக்கலாமே?"

கணக்கம்மா வரைபடத்தை மீண்டும் பார்த்தாள். கோட்டுக்கு முகம் இல்லைதான். அண்ணி சொன்னாள் என்று சொன்னால், குடும்பப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள்.

"பகல் பசங்க இல்லை" என்றார் உஷ்ஷையா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"உள்தேர்வு அன்னிக்குக் காலையில ஒன்பது நாற்பதுக்கு வெளிச்சுவரோரம் இருநூற்று எழுபத்தொரு பேர். எல்லாரும் மாலைக் கல்லூரி. நானே மாடியில நின்னு எண்ணினேன். சத்தம் தாங்கலைன்னு உங்க வலையமைப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். சுவரோரத்து வைஃபையை அணைச்சிடுங்கன்னு கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ஒவ்வொண்ணுலயும் தேதி, மணி, தலைக்கணக்கு எல்லாம் இருக்கு." பெருமையோடு தொடங்கியவர், முடிக்கும்போது தாழ்ந்த குரலில் முடித்தார்.

அம்மையார் கோப்பை வரவழைத்தார். மூன்று கடிதங்களும் இருந்தன. மூன்றின் மூலையிலும் 'பார்வையிடப்பட்டது' என்ற குறிப்பு, கீழே கணக்கம்மாவின் சுருக்கொப்பம். சத்தம் பற்றிய புகார்தானே என்று படித்தும் படியாமலும் தள்ளிவிட்ட கடிதங்கள். அவள் கருவிகளெல்லாம் அளக்கத் தவறியதை, எரிச்சல் கொண்ட ஒரு மனிதர் மாடியில் நின்று விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார்! முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எழுபத்தொன்று போக நாற்பத்தொன்று. கட்டடத்தில் இணைந்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர், ஓடிய தரவு முப்பத்தெட்டு மெகாபிட்.

"ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபிட்" என்றார் அம்மையார். கணக்கு அவருக்கும் வந்தது. "இடத்தை மாத்தறதுன்னா எனக்குக் காரணம் வேணும், எழுத்துல. உங்க கணிப்பு தப்புன்னு எழுதித் தருவீங்களா? அது உங்க பணிப் பதிவேட்டுக்குப் போகும். தலைமைக் கணிப்பாளர் பதவிக்கு உங்க பேர் இந்த மாசம்தான் பரிசீலனையில இருக்கு."

ஏழாண்டு உழைப்பின் கனி அந்தப் பதவி. கணக்கம்மா தாளை இழுத்துக்கொண்டாள். 'பழைய கட்டடம் குறித்து நான் அளித்த கணிப்பு தவறானது. ஆள்களைப் பதிவேட்டிலிருந்தும் தரவைக் கேபிளிலிருந்தும் எடுத்து வகுத்துவிட்டேன். அவர்கள் கேபிளில் இல்லை. இணைப்பு கிடைக்காததால் சுவரோரம் நின்றார்கள். நூலகரின் மூன்று கடிதங்களும் இதைத் தெரிவித்தன. நான் கவனிக்கவில்லை.' கடைசி வரியை எவரும் கேட்கவில்லை. அவளாகவே எழுதினாள்.

இருக்கை எண் வரிசைப்படி முதல் இருநூற்று நாற்பது பேர் நூலகத்தில், கடைசி எழுபத்திரண்டு பேர் பழைய கட்டடத்தில் என்று முடிவாயிற்று.

"நாளைக்கு அட்டை கேக்க மாட்டேன்" என்று எழுந்தார் உஷ்ஷையா. "ஆனா சத்தம் போடக் கூடாது."

அண்ணியின் எண் முந்நூற்று ஐந்து.

மறுநாள் காலை பத்து மணி. தலைவரும் கணக்கம்மாவும் ஒரே திரைமுன் அமர்ந்திருந்தார்கள். மேலே நூலகத்தின் கோடு, கீழே பழைய கட்டடத்தின் கோடு, ஓரத்தில் திறக்கப்பட்ட தாள்களின் எண்ணிக்கை.

நூலகத்துக் கோடு எழுந்தது, ஆயிரத்தில் காற்பங்கைத் தாண்டிச் சமநிலை கொண்டது. நாற்பது நொடியில் இருநூற்று நாற்பது தாள்களும் திறந்தன. பழைய கட்டடத்தின் கோடோ, மாதிரித் தாளைவிட உண்மைத் தாள் கனமாக இருந்ததால், நாற்பது, அறுபத்தெட்டு, எண்பத்தேழு என்று ஏறியது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று. நூறு மெகாபிட்டைத் தொட்டதும் முறியும் கேபிள் இது. கோடு நடுங்கியது, நின்றது, இறங்கத் தொடங்கியது. திறந்த தாள்கள் ஐம்பத்தெட்டு, அறுபத்தாறு, எழுபத்தொன்று.

எழுபத்தொன்றிலேயே நின்றது.

"ஒருத்தர் வரலையோ?" என்றார் தலைவர்.

"வருகை எழுபத்திரண்டு சார்." திறக்காத எண்ணைத் தேடினாள். முந்நூற்று ஐந்து.

மணி பத்து நான்கு. கோடு அறுபதுக்கு இறங்கிவிட்டது, கேபிளில் இடமிருக்கிறது. பிறகேன் திறக்கவில்லை? அண்ணியின் கணினி சிக்கிக்கொண்டதா? கணக்கில் இன்னும் ஒரு பிழையா? தேர்வுக் கூடத்துக்குள் எவரும் நுழைய முடியாது. கேட்கவும் வழியில்லை.

"கூடத்துக் கருவியை ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாயிடும்" என்றார் தலைவர். "உங்க அண்ணிதானே அது? ஃப்ரீஸ் கிடக்கட்டும், பழியை நான் ஏத்துக்கறேன்." அவர் கை விசைப்பலகைக்குப் போனது.

கணக்கம்மா அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் சார். அணைச்சா எழுபத்தொரு பேரும் அறுந்துடுவாங்க. திரும்ப எல்லாரும் ஒரே நேரத்துல மோதுவாங்க."

"ஒருத்தருக்கு வாழ்க்கையே போகுது அம்மா!"

"தெரியும் சார். தொடாதீங்க."

பத்து ஐந்து. பத்து ஆறு. இரண்டாண்டாய்ச் சலவைக்கூடத்துப் பெட்டிமேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தவள். அடுத்த தேர்வுக்கு வயது விடாது. வீட்டுக்குப் போனால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அண்ணனிடம் என்ன சொல்வது? பற்றிய மணிக்கட்டை அவள் விடவில்லை. அவரும் இழுக்கவில்லை. பத்து ஏழு. இருவரும் திரையை வெறித்தார்கள்.

எழுபத்திரண்டு.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். கணக்கம்மா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பழைய கட்டடத்தின் வாசலில் கூட்டம் கலைந்தது. அண்ணி விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே வந்தாள்.

"மூணாவது கேள்வி மட்டும் கொஞ்சம் இடிக்குது. மத்ததெல்லாம்—"

"ஏழு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மாவா!"

"கத்தாத, உஷ்ஷையா வந்துடப் போறாரு. நேத்து நீதானே காட்டினே, எல்லாரும் ஒண்ணா அமுக்கினா ஒருத்தருக்கும் வராதுன்னு? பக்கத்துல தோட்டக்காரருக்குக் கை நடுங்குது. முன்னாடி ஆய்வக அக்கா. அவங்களுக்கெல்லாம் வரட்டும், கூட்டம் இறங்கட்டும்னு விட்டேன். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உள்ள எழுபத்திரண்டு பேருக்கும் இடம் இருந்தது அண்ணி. உங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். அலுவலகத்துல எனக்கு உயிரே போச்சு. இன்னொரு தடவை இப்படிக் காத்திருக்காதீங்க, அமுக்கிடுங்க!"

அண்ணி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த தடவை நீ அகலமா ஒரு கேபிள் போடு. அமுக்கிடறேன்."